தோற்றவரின் ஆதரவாளர்கள் எங்கே போகிறார்கள்?

2008 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், அமெரிக்க ஜனநாயகக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் ஸ்தானத்துக்காக ஹிலாரி கிளிண்டனும் பராக் ஒபாமாவும் மாகாணம் மாகாணமாகப் போட்டியிட்டுக்கொண்டிருந்த வேளையில், பொதுஜன அபிப்பிராயத்தை அளந்து சொல்வதில் நெடுங்காலப் பழக்கமுள்ள கேலப் நிறுவனம் ஒரு கணக்கை வெளியிட்டது. ஒபாமா வேட்பாளரானால் எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியின் ஜான் மெக்கெயினுக்கே வாக்களிப்போம் என்று ஹிலாரியின் ஆதரவாளர்களில் 28 சதவீதத்தினரும், ஹிலாரி வேட்பாளரானால் நாங்களும் அப்படியே செய்வோம் என்று ஒபாமாவின் ஆதரவாளர்களில் 19 சதவீதத்தினரும் சொன்னதாக அக்கணக்கு தெரிவித்தது. ஜனநாயகக் கட்சி இரண்டாகப் பிளந்துவிடும் என்ற பேச்சு பலமாக எழுந்தது. அதே ஆண்டு நவம்பரில் ஒபாமா, ஜனாதிபதியைத் தீர்மானிக்கும் தேர்வாளர் வாக்குகளில் 365 ஐப் பெற்று வென்றார். அப்படியானால் அந்த 28 சதவீதத்தினர் என்ன ஆனார்கள்? ஒவ்வொரு ஜனாதிபதித் தேர்தலின்போதும் ஏதேனும் ஒரு ரூபத்தில் இந்தக் கேள்வி திரும்பி வருவதால், சற்று நிதானமாகவே இதை ஆராய்வது தகும்.

கட்சித் தலைமை பெயர்ப் பட்டியலை வெளியிட, மற்றவர்கள் மனத்துக்குள் பொருமிக்கொண்டாவது அதை ஏற்றுக்கொள்ளும் முறைக்குப் பழகிய நமக்கு அமெரிக்க வழக்கம் விசித்திரமாகத் தோன்றக்கூடும். அங்கே பொதுத்தேர்தலில் கட்சியின் சார்பில் யார் நிற்பது என்பதையும், பிரைமரி எனப்படும் முதனிலைத் தேர்தலில், சாமானிய வாக்காளர்களே தீர்மானிக்கிறார்கள். சில மாகாணங்களில் கட்சிக்காரராகப் பதிவு செய்துகொண்டவர் மட்டுமே இதில் வாக்களிக்கலாம். வேறு சிலவற்றில் எந்தக் கட்சியையும் சாராதவரும், ஏன், எதிர்க்கட்சி அபிமானியுங்கூட வந்து வாக்களித்துவிட்டுப் போகலாம். ஒரு வேட்பாளர் முதனிலைத் தேர்தலில் பெற்ற வாக்குகளெல்லாம் அவர் கட்சியின் வாக்குகளே என்று எண்ணுவது எவ்வளவு பிழையானது என்பதைப் பின்னால் காண்போம்.

இந்த முறை இன்றுள்ள வடிவத்தை அடைந்ததற்கே ஒரு பெரிய மனஸ்தாபந்தான் காரணம். 1968 இல் வியட்நாம் யுத்தத்தை எதிர்த்து முதனிலைத் தேர்தல்களில் நின்ற செனட்டர் யூஜீன் மெக்கார்த்தியைப் புறக்கணித்து, அத்தேர்தல்களில் ஒன்றில்கூட நிற்காத துணை ஜனாதிபதி ஹியூபர்ட் ஹம்ஃப்ரியை ஜனநாயகக் கட்சியின் சிகாகோ மாநாடு வேட்பாளராக்கியது. மண்டபத்துக்கு வெளியே யுத்த எதிர்ப்பாளரைப் போலீஸார் தடியால் அடித்த காட்சியை நாடெங்கும் தொலைக்காட்சியில் கண்டார்கள். அதன் பிறகே வேட்பாளரைத் தீர்மானிக்கும் உரிமை முதனிலைத் தேர்தல் வாக்காளரிடம் வந்தது. மெக்கார்த்தி மாதக்கணக்கில் மௌனமாயிருந்து, வாக்குப் பதிவுக்கு ஒரு வாரத்துக்கு முன்புதான் அரைமனத்துடன் ஹம்ஃப்ரிக்கு ஆதரவு தெரிவித்தார். ஹம்ஃப்ரி ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் குடியரசுக் கட்சியின் நிக்ஸனிடம் தோற்றார். இதைக் கொண்டு மெக்கார்த்தியின் தாமதமே கட்சியைக் கவிழ்த்தது என்று சொல்பவர் உண்டு. ஆனால், செப்டம்பர் இறுதியில் சால்ட் லேக் நகரில் ஹம்ஃப்ரி வியட்நாமில் குண்டுவீச்சை நிறுத்தத் தயார் என்று பேசிய நாளிலிருந்தே, யுத்த எதிர்ப்பாளரில் பலர், தங்கள் தலைவரின் அனுமதிக்குக் காத்திராமல், அவர் பக்கம் திரும்பத் தொடங்கிவிட்டார்கள் என்பதையும் நோக்க வேண்டும். தலைவரின் முகக்குறிப்பைக் காட்டிலும் வேட்பாளரின் கொள்கை அசைந்ததே அவர்களை அசைத்தது என்பது என் அபிப்பிராயம்.

2008 க்கு வருவோம். இரு தரப்பும் ஏறத்தாழ ஒரு கோடியே எண்பது லட்சம் வாக்குகள் வீதம் பெற்று, ஜூன் முதல் வாரம் வரை நீடித்த அந்தப் போட்டியில், முதல் பெண் ஜனாதிபதியைக் காண்போம் என்று நம்பியிருந்தோரின் ஏமாற்றம் மெய்யானது. கட்சி விதியை மீறி முன்கூட்டியே முதனிலைத் தேர்தல் நடத்திய ஃபுளோரிடா, மிச்சிகன் மாகாணங்களின் மாநாட்டுப் பிரதிநிதிகளைப் பற்றிக் கட்சிக் குழு மே 31 அன்று அளித்த தீர்ப்பு அந்த ஏமாற்றத்தோடு அநீதி இழைக்கப்பட்டோம் என்ற உணர்ச்சியையும் சேர்த்துவிட்டது. கட்சி ஐக்கியம் என்ற சொல்லோடு ஒரு வசைமொழியைப் பிணைத்துத் தன் பெயராகவே வைத்துக்கொண்ட கூட்டம் ஒன்றும் அப்போது தோன்றியது. இவ்வளவுக்கும் நடுவில் ஹிலாரி நடந்துகொண்ட விதம் குறிப்பிடத்தக்கது. ஜூன் 7 அன்று வாஷிங்டனில் போட்டியிலிருந்து விலகி ஒபாமாவை ஆதரித்தார். அம்மாதம் 27 ஆம் தேதி, இருவருக்கும் தலா 107 வாக்குகள் விழுந்திருந்த நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்து யூனிட்டி என்னும் சிற்றூரில் ஒபாமாவுடன் ஒரே மேடையில் நின்றார். ஆகஸ்டு மாதம் டென்வர் மாநாட்டில், பிரதிநிதிகளின் வாக்கெடுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே எழுந்து, அதை நிறுத்தி ஒபாமாவை ஏகமனதாக வேட்பாளராக்க வேண்டும் என்று தாமே பிரேரேபித்தார். அதற்கு இரண்டு நாள் கழித்து, அதிருப்தியுற்ற பெண் வாக்காளரையும் மனத்தில் வைத்து, மெக்கெயின் அலாஸ்கா ஆளுநர் சாரா பேலினைத் தம் துணை வேட்பாளராக அறிவித்தார்.

பலன் என்ன? நவம்பரில் வாக்குச்சாவடி வாயிலில் விசாரித்தவர்களின் கணக்குப்படி, ஹிலாரியை விரும்பியிருந்த ஜனநாயகக் கட்சியினரில் ஏறத்தாழ ஆறில் ஒருவரே மெக்கெயினுக்கு வாக்களித்தார். ஆனால் முதனிலைத் தேர்தல் காலத்திலிருந்தே ஒரே மனிதர்களைத் திரும்பத் திரும்ப விசாரித்துவந்த ஆய்வாளர்கள், ஏறத்தாழ நான்கில் ஒருவர் அவ்வாறு செய்ததாகக் கண்டார்கள். இரண்டு கணக்குகளும் பொய்யல்ல. வாயிலில் விசாரித்தவர்கள் தங்களைக் கட்சிக்காரர் என்று சொல்லிக்கொண்டோரையே எண்ணினார்கள். மேலும், தோற்றவரை ஆதரித்ததை மனிதர்கள் வெகு சீக்கிரத்தில் மறந்துவிடுகிறார்கள். அந்த நான்கில் ஒருவர் யார் என்பதே முக்கியமான விஷயம். கோபத்தினால் கட்சி மாறிய தீவிர ஜனநாயகக் கட்சியினர் அவர்களுள் சிலரே. பெரும்பாலோர் கொள்கை நாட்டத்தில் முதலிலிருந்தே மெக்கெயினுக்கு அருகில் நின்றவர்கள்.

இதை விளங்கிக்கொள்ள மேற்கு வர்ஜீனியா மாகாணத்தைப் போல் உதவும் இடம் வேறில்லை. நிலக்கரிச் சுரங்கங்களும் சுரங்கத் தொழிலாளர் சங்கமும் நிறைந்த அம்மாகாணம், ஃப்ராங்க்ளின் ரூஸ்வெல்ட் காலத்திலிருந்து ஜனநாயகக் கட்சியின் கோட்டையாக இருந்தது. ஆனால் ஜனாதிபதித் தேர்தலில் அக்கட்சிக்கு அது கடைசியாக வாக்களித்தது 1996 இல். தந்தையும் பாட்டனும் பதிந்துவைத்த கட்சிப் பெயரை மாற்றிக்கொள்ளச் சோம்பி, முதனிலைத் தேர்தலில் ஜனநாயகக் கட்சிச் சீட்டைக் கேட்டு வாங்கியும், நவம்பரில் குடியரசுக் கட்சிக்கு வாக்களித்தும் வந்தவர்கள் அங்கே ஏராளம். 2008 மே மாதத்தில் ஹிலாரிக்கு 67 சதவீத வாக்கை வாரி வழங்கியவர்கள் இவர்களே. 2012 இல் பதவியிலிருந்த ஒபாமாவை எதிர்த்து, டெக்ஸாஸ் மாகாணத்திலுள்ள மத்திய அரசுச் சிறையில் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்த ஒரு கைதி முதனிலைத் தேர்தலில் நின்றார். மேற்கு வர்ஜீனியா அவருக்கு 41 சதவீத வாக்கு அளித்தது! 2016 இல் அதே மாகாணம், தான் முன்பு கொண்டாடிய அதே ஹிலாரியைக் கைவிட்டு, சோஷலிஸ்ட் என்று தம்மை அழைத்துக்கொள்ளும் பெர்னி சாண்டர்ஸுக்கு 55 மாவட்டங்களிலும் வெற்றி தந்துவிட்டு, நவம்பரில் குடியரசுக் கட்சியின் டொனால்ட் ட்ரம்ப்புக்கு 68 சதவீதத்துக்கும் மேல் அளித்தது. ஹிலாரி மீதோ சாண்டர்ஸ் மீதோ கைதி மீதோ வைத்த பக்தியாக இதை எவரும் கருத முடியாது. கட்சியின் போக்கை வெறுத்தவர்களுக்கு அந்தந்தச் சமயத்தில் கைக்கெட்டிய கருவிகளாக அம்மூவரும் இருந்தார்கள், அவ்வளவே.

சாண்டர்ஸின் ஆதரவாளர்களைப் பற்றி 2016 க்குப் பிறகு எழுந்த பழிச்சொல்லையும் இந்த வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். சாண்டர்ஸ் ஜூலை 12 அன்று ஹிலாரிக்கு ஆதரவு தெரிவித்தார். அடுத்த பத்து நாளில் விக்கிலீக்ஸ் வெளியிட்ட மின்னஞ்சல்கள், கட்சி அலுவலகத்தார் சாண்டர்ஸைப் பாரபட்சமாக நோக்கியதைக் காட்டிவிட, கட்சித் தலைவர் ராஜினாமா செய்வதாக அறிவித்தார். பிலடெல்பியா மாநாட்டில் ஹிலாரியின் பெயரைச் சொல்லும்போதெல்லாம் ஒரு பகுதியினர் கூச்சலிட்டார்கள். நவம்பரில் ட்ரம்ப் மிச்சிகனை 10,704 வாக்கு வித்தியாசத்திலும், விஸ்கான்ஸினை 22,748 வித்தியாசத்திலும், பென்சில்வேனியாவை 44,292 வித்தியாசத்திலும் வென்று ஜனாதிபதியானார். சாண்டர்ஸுக்கு முதனிலைத் தேர்தலில் வாக்களித்தோரில் ஏறத்தாழ 12 சதவீதத்தினர் ட்ரம்ப்பை ஆதரித்ததாகப் பெரிய அளவில் நடந்த ஆய்வொன்று பின்னர் காட்டியது. அந்தச் சதவீதத்தை மூன்று மாகாணங்களுக்கும் பகிர்ந்து பார்த்தால் வரும் தொகை, ஹிலாரி தோற்ற வித்தியாசத்தைவிட அதிகம். ஆகவே சாண்டர்ஸே ஹிலாரியைத் தோற்கடித்தார் என்று முடிவு கட்டினார்கள்.

கூட்டல் சரி, தீர்ப்பு தவறு. 2008 இல் ஹிலாரியை விட்டுப் பிரிந்து மெக்கெயினிடம் போனவர்களின் விகிதம், 2016 இல் சாண்டர்ஸை விட்டு ட்ரம்ப்பிடம் போனவர்களின் விகிதத்தைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒபாமா வென்றுவிட்டமையால் அதை எவரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. 2016 இல் பிரிந்தவர்களில் பெரும்பான்மையோர் தங்களை ஜனநாயகக் கட்சியினர் என்று கருதாதவர்கள், ஒபாமாவின் ஆட்சியிலும் திருப்தியற்றவர்கள். சாண்டர்ஸ் நில்லாதிருந்தால் இவர்கள் ஹிலாரிக்கு வந்திருப்பார்கள் என்று நம்புவதற்கு ஆதாரமில்லை. போக்குவரத்து ஒரு திசையில் மட்டும் நடக்கவில்லை என்பதும் பேசப்படுவதில்லை: குடியரசுக் கட்சியில் ட்ரம்ப்பிடம் தோற்ற ஓஹாயோ ஆளுநர் ஜான் கேசிக், தம் மாகாணத்திலேயே நடந்த கட்சி மாநாட்டுக்குப் போகவில்லை, அவரை ஆதரித்தோரில் கணிசமான பகுதியினர் நவம்பரில் ஹிலாரிக்கு வாக்களித்தார்கள்.

உட்கட்சிப் போட்டி கடுமையானால் கட்சி தோற்கும் என்பதற்குச் சான்றாக 1976 ஐயும் 1980 ஐயும் எடுத்துக்காட்டுவது வழக்கம். முன்னதில் குடியரசுக் கட்சியின் ஜனாதிபதி ஃபோர்டு, கட்சிக்குள் தம்மை எதிர்த்த ரொனால்ட் ரேகனை 1,187 க்கு 1,070 என்ற பிரதிநிதிக் கணக்கில் மயிரிழையில் வென்று, நவம்பரில் ஜனநாயகக் கட்சியின் கார்ட்டரிடம் தோற்றார். பின்னதில் அந்தக் கார்ட்டரையே எட்வர்ட் கென்னடி எதிர்த்து நின்றார். நியூயார்க் மாநாட்டு மேடையில், கென்னடியின் கையைப் பிடித்து உயர்த்தி ஒற்றுமையைக் காட்டக் கார்ட்டர் அவர் பின்னாலேயே நடந்ததையும் கென்னடி நழுவி நழுவிப் போனதையும் நாடே பார்த்தது. நவம்பரில் ஜனநாயகக் கட்சியினரில் ஏறத்தாழ நாலில் ஒரு பகுதியினர் குடியரசுக் கட்சி வேட்பாளரான ரேகனுக்கு வாக்களித்தார்கள். ஆனால் கென்னடி கை கொடுத்திருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும்? பணவீக்கம் 13 சதவீதத்தை எட்டியிருந்தது. டெஹ்ரானில் 52 அமெரிக்கர் பிணைக்கைதிகளாக அடைபட்டிருந்தார்கள். ஜனாதிபதி பலவீனமாக இருந்ததனால்தான் சொந்தக் கட்சியிலேயே எதிரி முளைத்தான். அதே பலவீனந்தான் அவரை நவம்பரிலும் வீழ்த்தியது. காய்ச்சல் கண்டவன் உடம்பு அனலாய்க் கொதிப்பதைப் பார்த்து, அனலே நோய் என்று வைத்தியர் சொல்வதில்லை.

தோற்றவர் ஒதுங்க மறுத்துத் தாமே களத்தில் நிற்கும்போது மட்டும் நிலைமை அடியோடு மாறுகிறது. 1912 இல் முதனிலைத் தேர்தல்களில் பெரும்பாலானவற்றை வென்றும் குடியரசுக் கட்சி மாநாட்டில் டாஃப்ட்டிடம் தோற்ற தியோடர் ரூஸ்வெல்ட், தனிக்கட்சி கண்டு 88 தேர்வாளர் வாக்குகள் பெற்றார். பதவியிலிருந்த டாஃப்ட்டுக்கு எட்டே கிடைத்தன. ஜனநாயகக் கட்சியின் உட்ரோ வில்சன் எளிதாக ஜனாதிபதியானார். இத்தகைய போட்டியைத் தவிர்க்கும் வகையில் பெரும்பாலான மாகாணங்கள், முதனிலைத் தேர்தலில் தோற்றவர் பொதுத்தேர்தலில் மீண்டும் வேட்பாளராகப் பதிந்துகொள்வதைச் சட்டத்தினால் தடுக்கின்றன. தடை இல்லாத கனெக்டிகட்டில் செனட்டர் ஜோ லீபர்மன் 2006 இல் கட்சிக்குள் தோற்று, சுயேச்சையாக நின்று வென்றார். அலாஸ்காவில் லிசா முர்கௌஸ்கி 2010 இல், அச்சிட்ட சீட்டில் தம் பெயர் இல்லாதபோதும், வாக்காளர்கள் கையால் எழுதிய வாக்குகளைக் கொண்டே செனட் ஸ்தானத்தைத் தக்கவைத்துக்கொண்டார். தம் மனிதரே நிற்கும்போது ஆதரவாளர் வேறெங்கும் போவதில்லை.

தோற்றவர் நில்லாதபோது, மார்ச் மாதத்துச் சபதம் நவம்பரில் நிற்பது அரிது. புண்பட்ட நேரத்தில் கேட்ட கேள்விக்குப் புண்ணே பதில் சொல்கிறது. அதை வாக்குறுதியாகப் பதிவு செய்துகொண்டு வியூகம் வகுப்பவர்கள் ஏமாறுகிறார்கள். 2024 இல் இது நன்றாகவே விளங்கியது. குடியரசுக் கட்சியில் ட்ரம்ப்பை எதிர்த்த நிக்கி ஹேலி மார்ச் 6 அன்று விலகிவிட்டார். விலகிய பின்னும் ஏப்ரல் மாதத்தில், பதிவு செய்த கட்சிக்காரர் மட்டுமே வாக்களிக்கக்கூடிய பென்சில்வேனியாவில், அவருக்கு ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் விழுந்தன; மே மாதம் இண்டியானாவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கிடைத்தது. இந்த வாக்குகளைக் கவரலாம் என்று ஜனநாயகக் கட்சி வேட்பாளர் கமலா ஹாரிஸின் பிரசாரக் குழு நம்பி, குடியரசுக் கட்சியின் முன்னாள் காங்கிரஸ் உறுப்பினர் லிஸ் செனியை மேடை மேடையாக அழைத்துச் சென்றது. ஹேலியோ ஜூலை மாதம் மில்வாக்கி மாநாட்டில் ட்ரம்ப்பை ஆதரித்துப் பேசினார். நவம்பரில் ட்ரம்ப் பென்சில்வேனியாவை ஏறத்தாழ 1,20,000 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். நாடு முழுவதும் வாக்குச்சாவடி வாயிலில் விசாரிக்கப்பட்ட குடியரசுக் கட்சியினரில் 94 சதவீதத்தினர் அவருக்கே வாக்களித்ததாகச் சொன்னார்கள்.