'சாமி' யாருக்கு? பாட்டின் பொருளும் பாடியவரின் பெயரும்



வானகரத்துக் கல்யாண மண்டபங்களில் 'எஞ்ஜாய் எஞ்சாமி' போட்டால் எந்தச் சாதிக்காரரும் ஆடுவார். ஆடுகிறவர் அதை எழுதியவரின் கருத்தோடுதான் ஆட வேண்டுமா? இலக்கிய மாணவர்களுக்கு இது பழகிய கேள்வி. 'ஆசிரியரின் மரணம்' என்ற 1967ஆம் ஆண்டுக் கட்டுரையில், பிரதியின் பொருளை வாசகரிடம் ஒப்படைத்தார் ரோலான் பார்த்.

2021 மார்ச்சில் வெளியான இந்தப் பாட்டை எழுதி, தீயுடன் சேர்ந்து பாடியவர் அரக்கோணத்துத் தெருக்குரல் அறிவு. இசைத் தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்விலிருந்து அறிவு இதை எடுத்தார். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழர் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவெடுத்தது. அந்த மக்களை யாரும் கேட்கவில்லை. காட்டைத் தோட்டமாக்கியவர்களுக்கு அங்கும் நிலமில்லை, இங்கும் இல்லை.

தலைப்பிலேயே அந்த வரலாறு இருக்கிறது. பண்ணையார் முன் கைகட்டி நின்று 'சாமி' என்ற அதே வாய்தான், வீட்டுக்கு வந்து பேரனை 'என் சாமி' என்று கொஞ்சியது.

பலர் இதை இயற்கையைப் போற்றும் பாட்டாகக் கேட்டார்கள். அது தவறான வாசிப்பு அல்ல, பாதி வாசிப்பு. மரம் வைத்தவருக்கு மண் ஏன் இல்லை என்ற கேள்வி அதில் விடுபடுகிறது. ஆடுவதைக் குறை சொல்ல மாட்டோம். சாவு வீட்டில் பறைக்கு ஆடும் நம் ஆட்களுக்குத் துக்கம் தெரியாதா என்ன! ஒப்பாரியின் சாயலை வைத்துக்கொண்டே கொண்டாட அழைக்கும் பாட்டு இது. 'எஞ்ஜாய்' என்ற சொல்லும் தலைப்பில்தானே இருக்கிறது. எழுதியவரே திறந்துவைத்த கதவு அது.

சிக்கல் வேறு இடத்தில். 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. பா. ரஞ்சித் கேள்வி எழுப்பிய பிறகே அறிவுக்குத் தனியாக ஓர் இணைய அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னையில் நடந்த செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் இதைப் பாடினார்கள். அறிவு அப்போது வெளிநாட்டில் இருந்ததாக விளக்கம் சொல்லப்பட்டது. மெட்டில் யார் பங்கு எவ்வளவு என்று அறிவும் சந்தோஷ் நாராயணனும் பொதுவெளியில் வாதிட்டார்கள். அதைத் தீர்க்க நாம் வரவில்லை. மாரியம்மாளும் நம் குரல்தான். அவரை எதிரில் நிறுத்திப் பேசியவர்களோடு நமக்கு உடன்பாடில்லை.

நட்சத்திரச் சந்தைக்கு ஒரு முகம் போதும். பாட்டு எல்லோருக்கும் பொது என்று சொல்லிக்கொண்டே அது பெயரை உதிர்த்துவிடும். பார்த் தன் கட்டுரையைத் தொடங்குவது பால்சாக்கின் கதையிலிருந்து. பால்சாக்கின் பெயர் எங்கும் போய்விடாது. பறையடித்தவருக்கும் ஒப்பாரி கட்டிய பெண்ணுக்கும் ஆசிரியர் என்ற பிறப்பே பதிவாகவில்லை, மரணத்துக்கு எங்கே போவது? பொருளைத் திறந்துவிடுவதும் பெயரை அழிப்பதும் ஒன்றல்ல. அறிவின் கருத்தை மறுத்தும் மாணவர்கள் எழுதலாம், அவர் பெயரை எழுதிவிட்டு மறுக்கட்டும்.

கல்லூரி விழாக்களில் இந்தப் பாட்டைப் போடும் தோழர்கள், அதற்கு முன் ஒலிபெருக்கியில் இரண்டு பெயர்களைச் சொல்லுங்கள்: அறிவு, வள்ளியம்மாள். பிறகு ஆடுங்கள்.