திருப்பூர்த் தெருக்களும் ஒளிப்படப் பதிவும்

பொது இடங்களில் நடந்து திரிந்து, அங்கு இயல்பாக நிகழ்வதை எவ்வித முன்னேற்பாடும் இன்றி நிகழ்ந்தபடியே படமாக்குவதைத் தெரு ஒளிப்படக் கலை என்பர். யாரையும் நிறுத்திவைத்து எடுப்பதும் விளக்கு அமைத்து எடுப்பதும் இதில் சேரா. பாரிஸ், நியூயார்க், கொல்கத்தா, சென்னை முதலிய பெருநகரங்களுக்கு இக்கலையால் நிறைந்த காட்சிப் பதிவுகள் கிடைத்துள்ளன; ஆனால் உலகச் சந்தைக்குப் பின்னலாடை அனுப்பும் திருப்பூர் போன்ற தொழில் நகரங்கள், நெரிசலும் புழுதியும் தவிரப் பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத ஊர்கள் என்ற எண்ணத்தால் பெரும்பாலும் ஒதுக்கப்பட்டே வந்துள்ளன. இந்த எண்ணம் தவறானது. தமிழ்நாட்டில் தெருவில் நடப்பதன் மூலமே ஒரு தொழிலின் முழு அமைப்பையும் அறிந்துகொள்ளக்கூடிய ஊர் எது என்று கேட்டால், திருப்பூரையே முதலில் சொல்ல வேண்டும்.

இதற்குக் காரணம் அவ்வூரின் உற்பத்தி முறையிலேயே இருக்கிறது. பெரிய ஆலை ஒன்றில் பஞ்சு ஒரு வாயிலில் நுழைந்து துணியாக மறு வாயிலில் வெளியேறும். இடையில் நடப்பது எதுவும் வெளியில் இருப்பவர் கண்ணுக்குத் தெரியாது. எல்லா வேலைகளையும் ஒரே வளாகத்தில் முடிக்கும் பெரிய நிறுவனங்கள் திருப்பூரிலும் உண்டு என்றாலும், ஊரின் பெரும்பகுதி வேலை ஒவ்வொன்றும் தனித்தனிச் சிறு கூடங்களில், ஜாப் ஒர்க் எனப்படும் கூலி ஒப்பந்த முறையில் நடைபெறுகிறது. நூல் முதலில் நிட்டிங் கூடத்திற்குப் போய், வட்டப் பின்னல் எந்திரத்தில் குழாய் வடிவத் துணியாகிறது. அத்துணி அங்கிருந்து சலவைக்கும் சாயப்பட்டறைக்கும் போகிறது. பிறகு அகலமும் சுருக்கமும் சீராக்கப்படும் காம்பாக்டிங் கூடத்திற்கும், வெட்டப்படும் கட்டிங் மேசைக்கும், படம் அச்சிடப்படும் பிரிண்டிங் கூடத்திற்கும், ஓவர்லாக், பிளாட்லாக் எந்திரங்கள் வரிசையாக அமைந்த தையல் கூடத்திற்கும், பிசிறு வெட்டிப் பிழை பார்க்கும் செக்கிங் பிரிவிற்கும், அயனிங், பேக்கிங் பிரிவுகளுக்கும் அடுத்தடுத்துச் செல்கிறது. இவற்றுள் பல வெவ்வேறு தெருக்களில், சில வெவ்வேறு ஊர்களில் அமைந்துள்ளமையால், ஒரு பனியன் பெட்டிக்குள் அடங்குவதற்கு முன் நகரத்தைப் பலமுறை குறுக்கும் நெடுக்கும் கடந்துவிடுகிறது. டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியின் முன்புறத்தில் மார்பளவு உயரத்துக்கு அடுக்கப்பட்ட வெட்டுத் துணிக் கட்டுகளும், டாட்டா ஏஸ் வண்டியில் கயிறு போட்டு இறுக்கிய ஈரத் துணி உருளைகளும், வாசற்படியில் அமர்ந்து நூல் பிசிறு வெட்டும் பெண்களும், வெட்டுக் கழிவுகளை நிறம் வாரியாகப் பிரித்துக் குவிக்கும் கிடங்குகளும் அந்தப் பயணத்தின் வெவ்வேறு கட்டங்களே. அக்கழிவும் வீணாவதில்லை, ஒரு பகுதி மறுசுழற்சி நூலாகவும், இன்னொரு பகுதி எந்திரம் துடைக்கும் துணியாகவும் விலைபோகிறது. இந்த வரிசையை அறிந்தவர் எடுக்கும் படத்திற்கும், வண்ண மூட்டைகளைக் கண்ட வியப்பில் எடுக்கப்படும் படத்திற்கும் உள்ள வேறுபாடு பெரிது.

இவ்வமைப்பு ஒரே நாளில் உருவானதன்று. கொங்கு நாட்டுக் கரிசலில் விளைந்த பருத்தியும், அதை வெளியே கொண்டுசென்ற இரயில் பாதையும் முதலில் திருப்பூரைப் பஞ்சுச் சந்தையாக்கின. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பனியன் கம்பெனிகள் தோன்றி உள்நாட்டுச் சந்தைக்கு வெள்ளைப் பனியன் செய்தன. 1978-இல் வெரோனா என்னும் இத்தாலிய வணிகரின் வருகையைத் தொடர்ந்து ஐரோப்பிய ஏற்றுமதி வேகம் பெற்றது. உழவுக் குடும்பங்களிலிருந்து கூலி வேலைக்கு வந்தவர்கள் படிப்படியாகச் சிறு முதலாளிகளாக மாறிய வரலாற்றைப் புவியியல் ஆய்வாளர் சரத் சாரி 2004-இல் வெளியான தமது ஆங்கில நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். வீட்டின் கீழ்த்தளத்தில் எந்திரமும் மேல்தளத்தில் குடும்பமும் இருக்கும் கட்டடங்கள், தோட்டத்து வீட்டை ஒட்டி எழுந்த தகரக் கொட்டகைகள், பாளையம் என்று முடியும் சிற்றூர்ப் பெயர்களைத் தாங்கிய தொழிற்பகுதிகள் ஆகியவற்றை அவ்வரலாறு தெரிந்து பார்க்கும்போது, திட்டமில்லாமல் வளர்ந்ததாகத் தோன்றும் தெருக்களுக்கும் ஒரு காரண வரிசை இருப்பது விளங்கும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இப்படி வளர்ந்த திருப்பூரும் அதைச் சூழ்ந்த நகரப் பகுதிகளும் சேர்ந்து சுமார் 9.6 லட்சம் மக்களைக் கொண்டிருந்தன.

நடக்கத் தொடங்குவதற்கு இரயில் நிலையமே ஏற்ற இடம். 1932 ஜனவரி 10 அன்று தேசியக் கொடியேந்திய ஊர்வலத்தில் காவலர் தடியடிக்கு ஆளாகி, மறுநாள் உயிர்நீத்த குமரனின் நினைவிடம் அதற்கு அருகில் உள்ளது. ஊரின் முதன்மைச் சாலை அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. நிலையத்தை அடுத்துள்ள காதர்பேட்டையில், ஏற்றுமதியில் மிஞ்சிய ஆடைகளும் சிறு பிழையால் ஒதுக்கப்பட்ட செகண்ட்ஸ் ஆடைகளும் மொத்தமாகவும் சில்லறையாகவும் விற்கப்படுகின்றன. அங்கிருந்து நொய்யல் பாலத்தைக் கடந்து பல்லடம் சாலைப் பக்கமோ, வடக்கே புஷ்பா தியேட்டர் வழியாக அவினாசி சாலையில் அனுப்பர்பாளையம் வரையிலோ நடக்கலாம். அனுப்பர்பாளையம் பித்தளை, செம்புப் பாத்திரத் தொழிலுக்குப் பெயர்பெற்றது. பனியன் ஊருக்குள்ளேயே பாத்திரம் தட்டும் ஓசை கேட்கும் அப்பகுதி, ஒரே தொழிலால் மட்டும் அறியப்படும் நகரத்திற்குள் பழைய தொழில்களும் உயிரோடு இருப்பதைக் காட்டுகிறது.

இடத்தைப் போலவே நேரமும் முக்கியம், ஏனெனில் இவ்வூரின் கடிகாரம் ஷிப்ட் கணக்கில் ஓடுகிறது. காலை 8.30 மணிக்குத் தொடங்கும் வேலை மாலை 5.30 மணிக்கு ஒரு ஷிப்டாகவும், இரவு 8.30 மணிக்கு ஒன்றரை ஷிப்டாகவும் முடிகிறது. தொடங்கும் வேளையில் கம்பெனி வேன்களும் நடப்பவர்களும் சாலையை நிறைப்பதும், தேநீர் இடைவேளையில் பேக்கரி வாசல்கள் சட்டென நிரம்பிச் சட்டெனக் காலியாவதும், சனிக்கிழமை மாலை வாரச் சம்பளம் கைக்கு வந்ததும் கடைத்தெரு உயிர்பெறுவதும், ஞாயிற்றுக்கிழமை அதே தொழிலாளர் துணி வாங்குபவராகவும் படம் பார்ப்பவராகவும் தெருவுக்கு வருவதும் ஒரே இடத்தில் நின்று காணத்தக்கவை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தென்மாவட்டத்தார் தத்தம் ஊர்களுக்குப் போன பின் அடைத்துக் கிடக்கும் தெருக்களையும் படமெடுக்க வேண்டும். இந்த நகரத்தை ஓட்டுபவர்களில் எத்தனை பேர் வெளியூரிலிருந்து வந்தவர்கள் என்பதை அந்த வெறுமையைப் போல வேறெதுவும் எடுத்துக்காட்டாது. சுவர்களும் இதையே சொல்கின்றன: பவர் டேபிள் டெய்லர் தேவை, செக்கிங்கிற்குப் பெண்கள் தேவை, தங்குமிடம் உண்டு என்ற அறிவிப்புகள் முன்பு தமிழில் மட்டும் இருந்தன, பீகார், ஒடிசா, ஜார்கண்ட், மேற்கு வங்கம், அசாம் மாநிலத் தொழிலாளர் பெருகிய பின் இந்தியிலும் எழுதப்படுகின்றன.

தெருவைப் படமெடுப்பதில் இருவேறு நெறிகள் உண்டு. பிரெஞ்சு ஒளிப்படக்காரர் ஆன்றி கார்த்தியே-பிரெசோன் 1952-இல் வெளியிட்ட நூலின் வழியாகப் புகழ்பெற்றது முதல் நெறி. நிகழ்வின் பொருளும் காட்சியின் வடிவும் ஒருங்கே கூடும் ஒரு கணத்தைப் பிடிப்பதே ஒளிப்படம் என்பது அதன் சாரம். இரண்டாவது, அவருக்கு முற்பட்ட எழேன் அட்ஜே என்பவரின் நெறி. அட்ஜே 1890-களின் இறுதியிலிருந்து 1927-இல் இறக்கும்வரை, கனத்த மரக் கருவியையும் கண்ணாடித் தகடுகளையும் சுமந்து, பாரிஸ் நகரின் பழைய தெருக்களையும் கடை முகப்புகளையும் முற்றங்களையும் நடைவணிகரையும் சலிக்காமல் எடுத்துச் சேர்த்தார். தம் படங்களைக் கலை என்று அவர் சொல்லிக்கொள்ளவில்லை. ஆவணங்கள் என்றே சொன்னார். அவர் எடுத்த இடங்களுள் பல பின்னர் இடிக்கப்பட்டமையால், அப்படங்களே அவற்றிற்கு எஞ்சிய சான்றுகளாயின. திருப்பூருக்கு இன்று தேவைப்படுவது அட்ஜேயின் நெறியே. கணத்தைப் பிடிக்கும் திறமையாளர்கள் இப்போது ஏராளம். ஒரே தெருவை ஆண்டுதோறும் அதே முனையிலிருந்து எடுத்து, மாற்றத்தைப் பொறுமையாகப் பதிபவர்களே அரிது.

அத்தகைய பொறுமைக்குப் பிரெஞ்சு எழுத்தாளர் ஜார்ஜ் பெரெக் ஓர் எடுத்துக்காட்டு. 1974 அக்டோபரில் பாரிஸ் நகரச் சதுக்கம் ஒன்றில் மூன்று நாட்கள் அமர்ந்து, கடந்து சென்ற பேருந்துகள், மனிதர்கள், புறாக்கள் என யாரும் குறித்துவைக்காத அன்றாடங்களை மட்டும் அவர் எழுதினார். அதேபோலத் திருப்பூரின் வளர்மதி பாலத்தருகே ஒரு பகல் முழுவதும் நின்று, கடந்து செல்லும் சுமைகள் எவை, எத்திசையில் போகின்றன என்று மட்டும் படமெடுப்பவர், இத்தொழிலைப் பற்றி நூல்களில் எளிதில் கிடைக்காத பலவற்றை அறிவார்.

கருவியைப் பொறுத்தவரை அதிகம் சொல்வதற்கில்லை, கைப்பேசியே போதுமானது. வெளிச்சத்தைப் பற்றிச் சொல்லலாம். சித்திரை, வைகாசி மாதங்களின் நண்பகல் வெயிலில் நிழல்கள் கறுத்து முகங்கள் மறைந்துவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குக் காற்று வீசும் காலத்தில், மழை குறைவாகவும் மேகம் மிகுதியாகவும் இருப்பதால், ஒளி எங்கும் மென்மையாகப் பரவித் துணியின் நிறங்கள் உள்ளபடி பதிவாகும்.

நிறம் பற்றிய பேச்சில் நொய்யலைத் தவிர்க்க முடியாது. வெள்ளியங்கிரி மலையில் தோன்றிக் காவிரியில் கலக்கும் இந்த ஆறு, சாயக் கழிவுநீரால் பல்லாண்டுகள் நிறம் மாறி ஓடியது; பாசனத்திற்காக 1992-இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமாயிற்று; ஆயக்கட்டு விவசாயிகள் நீண்ட காலம் வழக்காடினர். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியேற்றாமல் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் ஏற்பாட்டுடனேயே அவை பின்னர் இயங்கத் தொடங்கின. ஆற்றுப் பாலங்களிலிருந்து நாள் குறித்து எடுக்கப்படும் படங்கள், நீரின் நிலையைப் பற்றி எழும் எந்த விவாதத்திற்கும் உதவும் சாட்சியாகும்.

சாட்சியாவதற்குப் படத்தோடு குறிப்பும் வேண்டும். அமெரிக்காவில் லூயிஸ் ஹைன் 1908 முதல் பஞ்சாலைகளிலும் சுரங்கங்களிலும் வேலைசெய்த சிறுவர்களைப் படமெடுத்தபோது, அவர்களின் பெயர், வயது, வேலை, ஊர் ஆகியவற்றைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். குழந்தை உழைப்புக்கு எதிரான இயக்கத்தில் அப்படங்கள் வலிமை பெற்றதற்கு அக்குறிப்புகளும் காரணம். குறிப்பில்லாத காட்சி எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்தப்படும் என்பதைத் தமிழ்நாடே 2023 மார்ச்சில் கண்டது. பீகார்த் தொழிலாளர்கள் இங்குத் தாக்கப்படுவதாகத் தொடர்பற்ற காணொளிகள் பரப்பப்பட்டன. அவை பொய்யானவை எனத் தமிழ்நாடு காவல்துறை அறிவித்தது. பீகார் அரசு குழு அனுப்பி நிலைமையை நேரில் அறிய வேண்டியிருந்தது. அதற்குள் தொழிலாளர்களிடையே அச்சம் பரவிவிட்டது. ஆகவே இவ்வூரில் ஒருவர் முகத்தை நெருங்கிப் படமெடுக்குமுன் அவரிடம் பேசுவதும், எடுத்ததைக் காட்டுவதும், வேண்டாம் என்றால் அழித்துவிடுவதும் கட்டாயக் கடமைகள். 2017-இல் உச்ச நீதிமன்றம் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று உறுதிசெய்துள்ளது. சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தொழிலாளர் விடுதிப் பெண்களையும் குழந்தைகளையும் தூரத்திலிருந்து மறைவாக எடுப்பது இழிவான செயல். கூடங்களுக்குள் எடுப்பதற்கு உரிமையாளரின் இசைவு தேவை. வாங்குவோரின் வடிவமைப்புகள் வெளியே போய்விடக்கூடாது என்பதால் ஏற்றுமதிக் கம்பெனிகள் இதில் கண்டிப்பாக இருக்கும்.

பொறுமையான பதிவின் பயனைத் திருப்பூர் அறியாத ஊரன்று. நகரின் வடபுறத்து நஞ்சராயன் குளத்தில் உள்ளூர் இயற்கை ஆர்வலர்கள் பல ஆண்டுகளாகப் பறவைகளைப் பார்த்துப் பதிந்து வந்தனர். அக்குளம் 2022-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024 ஆகஸ்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. பறவைகளுக்குக் கிடைத்த அந்தப் பொறுமையான கவனத்தில் ஒரு பங்காவது தையற்காரருக்கும், அவருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடி வேலைப் பெண்ணுக்கும், சுமை ஏற்றுபவருக்கும், அவர்கள் நடக்கும் தெருவுக்கும் கிடைக்க வேண்டும்.

அதை வெளியூர்க் கலைஞர் வந்து செய்யும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பனியன் கம்பெனியில் வேலை செய்பவர்களின் கைகளிலேயே இன்று கருவி இருக்கிறது. அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் கல்லூரிகளில் படிக்கிறார்கள். திருப்பூர் வாசகர்கள் தம் தெருவை ஆண்டுக்கு ஒருமுறையேனும் படமெடுத்து, இடம், நாள், அங்கு நடக்கும் வேலை ஆகிய மூன்றையும் எழுதி வைக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படத்தின் தரம் குறைந்து அதனுள் பதிந்த நாள், இட விவரங்களும் நீங்கிவிடுவதால், மூலக் கோப்பைத் தனியே சேமிக்க வேண்டும். வீட்டுப் பரணிலும் பழைய ஸ்டுடியோக்களிலும் கிடக்கும் பனியன் கம்பெனிக் காலத்துப் படங்களைப் பூச்சி அரிக்குமுன் எடுத்து, அவற்றில் உள்ளவர்களை அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.