சுறாவை முதலில் கண்டது யார்?

திருகோணமலைக் கடலுக்கடியில் எடுத்த படம் ஒன்று கையில் கிடைத்தால் எல்லோரும் சுறாவைப் பார்ப்பார்கள், ஆமையைப் பார்ப்பார்கள். எனக்கோ அந்தப் படத்தில் விழாத ஒரு கையைத் தேடத் தோன்றும். "அங்கே பார்" என்று நீருக்குள் நீண்ட கை! அந்தக் கை இல்லாவிட்டால் படமே இல்லை. அதைக் காட்டத்தான் உங்களை இன்று படகில் ஏற்றுகிறேன்.

வாடைக்காற்று ஓய்ந்து கிழக்குக் கடல் தெளியும் காலம், மே முதல் செப்டெம்பர் வரை. தெற்கே ஹிக்கடுவையில் கடல் குமுறும் அதே மாதங்களில் திருகோணமலையின் நிலாவெளிக் கடல் கண்ணாடியாய்க் கிடக்கும். கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீற்றரில் புறாத்தீவு. ஊரார் வாயில் அது புறாமலை. 1963இல் சரணாலயமாகி, 2003இல் தேசியப் பூங்காவான இடம்.

வேலை தொடங்குவது கடலில் அல்ல, முதல்நாள் இரவு மேசையில். கமராவை அடைக்கும் பெட்டியின் மூடியில் ஒரு றப்பர் வளையம் இருக்கும். இத்தனை விலையுள்ள கருவியையும் காப்பது அந்த மெல்லிய வளையம்தான்! அதைக் கழற்றித் துடைத்து, சிலிக்கோன் கிறீஸ் தடவி, விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். ஒரு தலைமுடி, ஒரு மணல் துகள் போதும், உப்புநீர் உள்ளே புகுந்துவிடும். காலையில் கமரா இல்லாத வெறும் பெட்டியை நன்னீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்த பிறகுதான் மனம் அடங்கும்.

படகு விளிம்பில் உட்கார்ந்து, முகக்கண்ணாடியில் எச்சில் தடவிக் கழுவி, பின்புறமாகச் சரிந்து விழுந்தால் உலகமே மாறிவிடுகிறது. முதலில் தொலைவது சிவப்பு. நீர் அந்த நிறத்தைத்தான் முந்தி விழுங்கும். ஐந்து, பத்து மீற்றர் இறங்குவதற்குள் செம்மீன் சாம்பல் மீனாகிவிடும். விரலில் கீறல் பட்டால் வரும் இரத்தம்கூடப் பச்சை கலந்து தெரியும்! பிளாஷ் ஒருமுறை மின்னட்டும், ஒளிந்திருந்த நிறமெல்லாம் பொங்கி எழும். அந்த விளக்கையும் கமராவின் நெற்றியில் வைப்பதில்லை. இரண்டு பக்கமும் நீண்ட கைகளில் விலக்கிப் பொருத்துவார்கள். நேராக அடித்தால் நீரில் மிதக்கும் துகள்கள் எல்லாம் வெள்ளைப் புள்ளிகளாகப் படத்தை நிறைத்துவிடும். தூரமும் ஏமாற்றும். நான்கு மீற்றர் தள்ளி நிற்பது மூன்று மீற்றரில் நிற்பதாகத் தோன்றும்.

இனித்தான் தேடல். இங்கே கமராவுக்கு வேலையில்லை, கண்ணுக்குத்தான். வழிகாட்டும் சுழியோடிகளில் பலர் இந்தக் கரையில் மீன்பிடிக் குடும்பங்களில் பிறந்தவர்கள். அவர்கள் மீனைத் தேடுவதில்லை, மீன் விட்ட தடயத்தைத் தேடுகிறார்கள். கல் இடுக்கின் வாசலில் நண்டோடுகளும் உடைந்த சிப்பிகளும் குவிந்திருந்தால், உள்ளே பேய்க்கணவாய் குடியிருக்கிறது. முருகைக்கல்லில் பஞ்சுயிரிகள் பிய்த்துத் தின்னப்பட்டிருந்தால் அழுங்காமை வந்து போயிருக்கிறது. சின்ன மீன்களும் இறால்களும் பெரிய மீனின் உடம்பைத் துப்புரவு செய்யும் இடம் ஒன்று தெரிந்துவிட்டால் போதும், அங்கே காத்திருந்தால் மீன்கள் தாமாக வரிசைக்கு வரும். பொந்திலிருந்து வாயைத் திறந்து திறந்து மூடும் அஞ்சாலைக்குப் பயந்து பின்வாங்க வேண்டாம். அது மிரட்டவில்லை, மூச்சு விடுகிறது.

சிலிண்டரில் இரும்புக் குச்சி தட்டும் ஓசை கேட்டால் திரும்ப வேண்டும். நெற்றியில் நிமிர்த்திய உள்ளங்கை என்றால் சுறா! ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கைகள், ஆடும் கட்டைவிரல்கள், அது ஆமை. கட்டைவிரலை மட்டும் உயர்த்தினால் "அருமை" என்று நினைத்துவிடாதீர்கள். "மேலே போவோம்" என்று பொருள்.

புறாமலையின் கறுப்புமுனைச் சுறாக்களைப் பார்க்க விடியலில் போக வேண்டும், படகுகள் குவிவதற்கு முன்னால். ஆளுயரத்தையும் எட்டாத, கூச்ச சுபாவமுள்ள சுறாக்கள். துரத்தினால் ஒரே வெட்டில் மறைந்துவிடும். ஓரிடத்தில் அமைதியாக நின்று, மெல்ல மூச்சு விட்டால் வட்டம் சுற்றி நெருங்கி வரும். அந்த நேரத்தில் நெஞ்சு அடித்துக்கொள்வதைச் சொல்லி முடியாது!

கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையின் அடிவாரம் வேறொரு கிளர்ச்சி. 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இங்கிருந்த பழைய கோயிலை இடித்தார்கள். 1956இல் விஞ்ஞானப் புனைகதையாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய தோழர் மைக் வில்சனும் இங்கே சுழியோடியபோது, அந்தக் கோயிலின் கல்தூண்கள் கடலடியில் கிடக்கக் கண்டார்கள். இன்றும் அங்கே மீன்கூட்டத்துக்கு நடுவே செதுக்கிய கல்லைப் பார்க்கும்போது உடம்பு சிலிர்க்கிறது. துறைமுகத்துக்குள் கதை இன்னும் நீளும். 1942 ஏப்ரல் 9ஆம் தேதி ஜப்பானிய விமானத் தாக்குதலில் எரிந்த சகைங் கப்பலைக் கடற்படைச் சுழியோடிகள் 2018இல்தான் மேலே தூக்கினார்கள்.

படம் எடுப்பவர்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள். முருகைக்கல்லில் கால் ஊன்றாதீர்கள், கையும் வைக்காதீர்கள். கல்லைப் போலவே கிடக்கும் கல்மீனின் முதுகுமுள் நஞ்சு உங்களுக்கு ஆபத்து, உங்கள் துடுப்புக்கால் முருகைக்கு ஆபத்து. கிளை ஒன்று முறிந்தால் மீண்டும் வளர ஆண்டுகள் பிடிக்கும். அடுத்தது, படத்தை வெளியிடும்போது உங்கள் பெயருக்குப் பக்கத்தில், அவர் சம்மதத்தோடு, அந்த உயிரை உங்களுக்குக் காட்டிக்கொடுத்த திருகோணமலைச் சுழியோடியின் பெயரையும் போடுங்கள்.