இசைநாடக மேடையில் ஒரு பாலநடிகர்: தி. க. சண்முகத்தின் இளமைப் பயிற்சி

தமிழை இயல், இசை, நாடகம் என மூன்றாகப் பகுத்து வழங்குதல் தொன்றுதொட்டு வரும் மரபாகும். ஆயினும் அம்மூன்றனுள் நாடகத்தைக் கற்றோர் நெடுங்காலம் போற்றினாரல்லர். கூத்தாடுதல் இழிதொழில் எனக் கருதப்பட்ட காலத்தில், வறிய குடும்பத்துச் சிறுவர்களும் நடிகர்தம் மக்களுமே பெரும்பாலும் நாடகக் குழுக்களைச் சார்ந்தனர். பள்ளிக்கூடம் செல்லவேண்டிய வயதில் மேடையேறிய அச்சிறுவர்கள் அங்கே கற்றது யாது? இழந்தது யாது? இவ்வினா நாடக வரலாற்றுக்கு மட்டுமன்றிக் கல்வித்துறைக்கும் உரியது. ஆறு வயதில் அரங்கம் புகுந்து, பிற்காலத்தில் 'ஔவை' என்னும் அடைமொழியுடன் புகழெய்திய தி. க. சண்முகத்தின் இளமைக்காலம் இதற்கு விடை காண ஏற்றதொரு சான்றாகும். 'எனது நாடக வாழ்க்கை' என்னும் தம் நூலில் அவர் அக்காலத்தை விரிவாக எழுதி வைத்துள்ளார்.

சண்முகம் 1912ஆம் ஆண்டு பிறந்தார். தந்தையார் கண்ணுசாமிப் பிள்ளை பெண்வேடம் புனைந்து நடித்தவர்; அக்கால வழக்கிற் கூறின், 'ஸ்திரீபார்ட்' நடிகர். 1918ஆம் ஆண்டில் மதுரையில் 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா' என்னும் நாடகக் குழு தோன்றியது. அதன் ஆசிரியர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள். சங்கரன், முத்துசாமி என்னும் தமையன்மாருடன் சண்முகமும் அக்குழுவிற் சேர்ந்தார்.

சிறுவர்களை மட்டும் கொண்டு ஒரு குழுவை அமைக்கவேண்டிய தேவை யாது? அக்கால நாடக மேடையில் நடிகர்கள் எழுதப்பட்ட உரையாடலுக்குக் கட்டுப்பட்டு நடித்தாரல்லர். கதையின் போக்கை மட்டும் மனத்திற்கொண்டு, மேடையில் நின்றவாறே வசனத்தை இட்டுக்கட்டிப் பேசினர். இராஜபார்ட் நடிகரும் ஸ்திரீபார்ட் நடிகரும் கதையை மறந்து, ஒருவரையொருவர் மடக்கும் நோக்குடன் வாதிடுவதும் உண்டு. வளர்ந்த நடிகர்களைத் திருத்துவது அரிது எனக் கண்ட சுவாமிகள், இளஞ்சிறுவர்களைத் தொடக்கத்திலிருந்தே பயிற்றுவிப்பதே வழி எனத் துணிந்தார். 'பாய்ஸ் கம்பெனி' என மக்கள் வழங்கிய பாலர் நாடக சபைகள் பெருகியதற்கு இஃது ஒரு காரணமாகும். சிறுவர்களை நடத்துவதற்கான செலவு குறைவு என்பதும், அவர்களின் குரல் மக்களை ஈர்த்தது என்பதும் வேறு காரணங்கள்.

குரலைப் பற்றிச் சிறிது விளக்கவேண்டும். ஒலிபெருக்கி வாராத காலம் அது. கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் பாட்டின் சொல் தெளிவாகக் கேட்கவேண்டும். நாடகமோ இரவு தொடங்கி நெடுநேரம் நீளும். உரையாடலிற் பெரும்பகுதி பாட்டாகவே அமையும். இருவர் வாதிடுவதும் தர்க்கப் பாட்டாகவே நிகழும். ஆர்மோனியத்தின் உயர்ந்த சுருதிக்கு இணையாக எடுத்துப் பாடவல்லவனுக்கே மேடையில் முதன்மை. இயல்பாகவே மேற்சுருதியிற் பாடக்கூடிய சிறுவனின் குரல் இவ்வரங்குக்குப் பெரிதும் பொருந்தியது.

சண்முகம் முதலில் ஏற்ற வேடம் 'சத்தியவான் சாவித்திரி' நாடகத்தில் நாரதர். சாவித்திரி விரும்பிய சத்தியவான் ஓராண்டில் இறப்பான் எனத் தெரிவிக்கும் முக்காலமும் உணர்ந்த முனிவரின் வேடத்தை ஆறு வயதுச் சிறுவன் ஏற்றான். மழலை முற்றும் மாறாத வாயில் வேதாந்தக் கருத்துகள் பாட்டாக வெளிவரும்போது, அவையோர் அக்காட்சியின் முரண்பாட்டையே சுவைத்து மகிழ்ந்திருப்பர் என்பதில் ஐயமில்லை.

ஆனால் அம்மகிழ்ச்சி நிலையாதது. பதின்மூன்று, பதினான்கு வயதளவில் ஆண்பிள்ளையின் குரல் உடையும். இதனை நாடக உலகினர் 'மகரக்கட்டு' என வழங்குவர். நேற்றுவரை கொட்டகையை நிறைத்த குரல் கரகரத்து, சுருதியிற் சேராது விலகி நிற்கும். சிலருக்குக் குரல் மீண்டும் இனிமையுற்றுத் திரும்பும், பலருக்குத் திரும்புவதில்லை. குரலொன்றையே முதலாகக் கொண்ட சிறுவன் அன்றோடு இராஜபார்ட் நிலையிலிருந்து இறங்கிச் சில்லறை வேடங்களுக்குத் தள்ளப்படுவான். அல்லது குழுவை விட்டே நீங்குவான். பள்ளிப் படிப்பும் இல்லை, கைத்தொழிலும் இல்லை என்னும் நிலையில் அவன் எதிர்காலம் என்னாகும்? பாலர் சபைகளின் வரலாற்றில் மிகவும் வருந்தத்தக்க பகுதி இதுவேயாகும். புகழ்பெற்றவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியும்; மகரக்கட்டோடு மறைந்தவர்களின் பெயர்கள் எந்நூலிலும் இல்லை.

ஆகவே, பாலநடிகன் ஒருவனின் எதிர்காலம் அவன் குரலைக் காட்டிலும் அவனுக்கு வாய்த்த ஆசிரியரையே பொறுத்திருந்தது எனலாம். இவ்வகையிற் சண்முகம் பேறுடையவர். சங்கரதாஸ் சுவாமிகள் பழனித் தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் இலக்கண இலக்கியங்களை முறையாகக் கற்றவர். வெண்பா, கலித்துறை, விருத்தம், சிந்து முதலிய யாப்பு வகைகளையும் கீர்த்தனைகளையும் நாடகத்தில் இடமறிந்து ஆண்டவர். அவருடைய மாணாக்கர் பாட்டை மெட்டோடு மட்டும் கற்றாரல்லர். சீர் பிரித்து, பொருள் உணர்ந்து, எழுத்து வழுவாது உச்சரிக்கக் கற்றனர். எழுதிய வசனத்தை எழுதியவாறே ஒப்புவிக்கவேண்டும் என்னும் கட்டுப்பாடு அவர்களுடைய நினைவாற்றலை வளர்த்தது. பள்ளி செல்லாத சிறுவர்கட்குச் செய்யுளும் புராண இதிகாசங்களும் நாவிற் பதிந்தமை இவ்வாறே.

சுவாமிகளின் புலமைக்குச் சான்றாகச் சண்முகம் கூறும் நிகழ்ச்சியொன்று குறிப்பிடத்தக்கது. 'அபிமன்யு சுந்தரி' நாடகம் முழுவதையும், பாடல்களும் உரையாடலுமாக, சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பர். அபிமன்யுவாக நடித்துப் பெயர்பெற்றவர் சண்முகமே. முனிவர் வேடத்தைச் சிறுவன் தாங்கும்போது விந்தையே மிகும். இளவீரனாகிய அபிமன்யுவின் வேடமோ சிறுவனின் வயதோடும் இயல்போடும் ஒட்டி நிற்பது. மாணவனின் ஆற்றலை அறிந்து பாடத்தை அமைக்கும் நல்லாசிரியரின் பண்பு இதிற் புலப்படுகின்றது.

சுவாமிகள் தம் இறுதிக்காலத்திற் பாரிசவாயுவால் தாக்கப்பட்டுப் பேசும் ஆற்றலை இழந்தார். ஆயிரக்கணக்கான பாடல்களைச் சொல்லிக்கொடுத்த நா அடங்கிய பின்னரும் குழுவை விட்டு அவர் அகலவில்லை. 1922ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 13ஆம் நாள் புதுச்சேரியில் அவர் மறைந்தார். அப்போது சண்முகத்துக்கு வயது பத்து.

சண்முகத்தின் இளமைக்குப் பிறிதொரு திருப்பம் பம்மல் சம்பந்த முதலியாரால் வாய்த்தது. சென்னையில் 1891இல் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்து, கற்றவர்களும் மேடையேறலாம் என நிலைநாட்டியவர் அவர். அவருடைய 'மனோகரா' உரைநடையை முதன்மையாகக் கொண்ட நாடகம். அதில் மனோகரனாக நடிக்கும் பயிற்சி சண்முகத்துக்குக் கிடைத்தது. தாயின் சொல்லுக்குப் பணிந்து அடங்கிக் கிடக்கும் மனோகரன், அவளிடம் ஆணை பெற்றதும் சங்கிலியை அறுத்து எழும் கட்டம் பாட்டினால் வெல்லக்கூடியதன்று. சொல்லின் ஏற்றமும் இறக்கமும், முகத்தின் மெய்ப்பாடும், சொல்லற்று நிற்கும் நிலையுமே அங்கு வேண்டுவன. மகரக்கட்டினால் அழியாத கலையை அச்சிறுவன் மகரக்கட்டு வருமுன்னரே பெற்றுக்கொண்டான். இசையால் மேடைக்கு வந்தவன் இயலால் அங்கே நிலைத்தான் எனின் மிகையாகாது.

இதனால் பாலர் சபைகளைக் குறையற்ற குருகுலங்கள் எனக் கொள்ளுதல் பொருந்தாது. தாய்வீட்டை விட்டு ஊரூராகச் செல்லும் வாழ்க்கை, இரவில் நாடகமும் பகலிற் பாடமும், தவறினால் அடி, நோயுற்றாலும் வேடம். சிறுவர் உழைத்து ஈட்டிய பொருள் அவர்களுடையதன்று. சண்முகத்துக்குத் தந்தையும் தமையன்மாரும் அருகில் இருந்தனர். அவ்வாறு ஒருவரும் இல்லாத சிறுவர்களின் நிலை வேறு. பிள்ளைகளின் கல்வியுரிமையைச் சட்டம் காக்கும் இக்காலத்தில் அம்முறையை மீண்டும் விரும்புவார் எவருமிலர்.

1925ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 31ஆம் நாள் திருவனந்தபுரத்தில் இச்சகோதரர்கள் 'மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபா' என்னும் தம் சொந்தக் குழுவைத் தொடங்கினர். சண்முகத்துக்கு அப்போது பதின்மூன்று வயதும் நிரம்பவில்லை. என். எஸ். கிருஷ்ணன் போன்ற பெருநடிகர்கள் இக்குழுவில் தேர்ந்தவர்களே. ஔவையாராக நடித்தபோது, முதியவளின் தோற்றமும் பேச்சும் இயல்பாக அமையும் பொருட்டுச் சண்முகம் தம் பற்களையே களைந்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. இளமையில் முனிவனாகவும், நடுவயதில் மூதாட்டியாகவும் மேடையேறிய அவர், 1973ஆம் ஆண்டில் மறையும்வரை தம்மை உருவாக்கிய ஆசிரியரின் பெருமையைப் பேசுவதிற் சலித்தாரல்லர்.

சங்கரதாஸ் சுவாமிகளின் வழிவந்த இசைநாடகம் ஈழநாட்டுக்கும் புதிதன்று. 'சத்தியவான் சாவித்திரி', 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி' முதலியன யாழ்ப்பாணத்துக் கோவில் வீதிகளில் விடிய விடிய நடந்தவை. காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்து அரிச்சந்திர மயான காண்டத்தைப் பாடி நடிக்கக் கேட்டவர்கள், அவர் மறைந்து பல்லாண்டுகள் கழிந்த பின்னும் அக்குரலை எடுத்துப் பேசுகின்றனர். அம்மரபைப் போற்றும் நாம், அதன் குரலினிமையோடு அதன் சொற்பயிற்சியையும் எண்ணிப்பார்த்தல் வேண்டும். மாணவனிடம் இயற்கையாக அமைந்த திறமையைக் கண்டு மகிழ்ந்து, அதனை விழாமேடையிற் காட்டிக் கைதட்டல் பெறுவது எளிது. அத்திறமை தளரும் நாளிலும் அவனைத் தாங்கக்கூடிய கல்வியை உரிய காலத்தில் ஊட்டுவதே ஆசிரியர் கடன். அக்கடனைச் சுவாமிகள் ஆற்றியமையாலேயே, ஆறு வயதில் நாரதராக வந்த சிறுவன் தமிழ் நாடக வரலாற்றில் நிலைத்த இடம் பெற்றான்.