எஃகிற்கும் விதை உண்டு

கற்கண்டைக் கடிக்கும்போது நடுவே நூல் தட்டுப்படுவதை நாம் அறிவோம். சர்க்கரைப் பாகு ஆறுகையில் படிகங்கள் பற்றி வளர ஓர் இடம் வேண்டும். அதற்காகவே அந்த நூல். உருகிய எஃகும் இவ்வாறே படிகம் படிகமாக உறைகிறது என்றால் வியப்பாக இல்லையா?

எஃகுத் துண்டை மெருகிட்டு, அமிலம் தடவி நுண்ணோக்கியில் பார்த்தால், சோளக்கதிரைப் போல நெருங்கி அமைந்த படிகங்கள் தெரியும். இவற்றை மணிகள் என்போம்.

தூய இரும்பு 1538 பாகை செல்சியசில் உருகும். எஃகுக் குழம்பை அச்சில் வார்த்ததும், குளிர்ந்த சுவரையொட்டிச் சிறு மணிகள் முதலில் தோன்றுகின்றன. அவற்றுள் சில உள்நோக்கித் தூண்கள்போல் நீளும். நடுவிலுள்ள குழம்பில் புதிய படிகங்கள் பிறந்தால் தூண்களை வழிமறிக்கும். பிறக்காவிட்டால் தூண்கள் நடுவரை சென்றுவிடும்.

சாதாரண எஃகில் இது பெருங்குறை அன்று. ஆறும்போது அதன் அணு அடுக்கே மாறிப் புதிய மணிகள் உண்டாகின்றன. ஆனால் 17 விழுக்காடு அளவில் குரோமியம் சேர்ந்த, காந்தம் ஒட்டும் எவர்சில்வர் வகைக்கு அந்த வாய்ப்பு மிகக் குறைவு. அதில் தூண்மணிகள் மிகுந்தால், தகடாக உருட்டிய பின்னும் சுவடு போகாது. அத்தகட்டை இழுத்துப் பாத்திரமாக்கும்போது வரிவரியாக மேடுகள் எழும். அவற்றைத் தேய்த்துச் சமமாக்கும் கூலியை யார் தருவது?

இங்கேதான் டைட்டானியம் கைகொடுக்கிறது. நூறில் ஒரு பங்கிற்கும் குறைவாகவே அதைச் சேர்க்கிறார்கள். அது குழம்பிலுள்ள நைட்ரஜனுடன் கூடி, டைட்டானியம் நைட்ரைடு என்னும் நுண்துகள்களாகிறது. இத்துகளின் அணு அடுக்கிற்கும் இரும்பின் அடுக்கிற்கும் வேறுபாடு சுமார் 4 விழுக்காடுதான். ஆகவே இரும்பு அணுக்கள் அதன்மேல் எளிதில் வந்து அமர்கின்றன. பிராம்ஃபிட் என்னும் அமெரிக்க உலோகவியலார் பல கார்பைடுகளையும் நைட்ரைடுகளையும் உருகிய இரும்பில் சோதித்து, இதுவே தலைசிறந்த விதை என 1970இல் வெளியிட்டார்.

விதை மட்டும் போதாது. வளரும் படிகம் தனக்கு வேண்டாத கரி முதலியவற்றைக் குழம்பிற்கே தள்ளுகிறது. அதனால் அதன் முன்னேயுள்ள குழம்பின் உறைநிலை தாழ்கிறது. தூணின் வேகம் தளர, விதைகள் முளைக்க நேரம் கிடைக்கிறது.

டைட்டானியமும் நைட்ரஜனும் அளவு மீறினாலோ, துகள்கள் திரண்டு குழம்பு இறங்கும் குழாயின் வாயையே அடைத்துவிடும். தகட்டிலும் வடு விழும். அதனால் ஆலைகளில் அதை எடைபோட்டே இடுகின்றனர்.