சோர்வா, போதையா: எதை முதலில் கவனிப்பது?

மாணவர்களே, கிள்ளானில் நான்காம் படிவம் படிக்கும் ஒருவன் என்று வைத்துக்கொள்வோம். பல வாரங்களாக அவனுக்கு எதிலும் நாட்டமில்லை. காற்பந்துத் திடலுக்கும் போவதில்லை. நண்பன் நீட்டிய பீரைக் குடித்தான். ஒரு மணி நேரம் மனம் லேசானது. ஆனால் மது மூளையை மந்தப்படுத்தும், தூக்கத்தைக் கெடுக்கும். மறுநாள் மனம் முன்னைவிடக் கனத்தது. அதைப் போக்க மறுபடியும் குடித்தான்.

இவனுக்கு முதலில் எதற்குச் சிகிச்சை தருவது? "குடியை விடட்டும், பிறகு மனத்தைப் பார்ப்போம்" என்றுதான் மருத்துவர்கள் பலர் நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் குடிக்கத் தூண்டுவதே அந்தச் சோர்வு என்றால், அவன் எப்படி விடுவான்?

அமெரிக்காவில் மனநல மருத்துவர் போலா ரிக்ஸ் குழுவினர் இதைச் சோதித்து 2007இல் முடிவை வெளியிட்டனர். மனச்சோர்வும் போதைப்பழக்கமும் சேர்ந்திருந்த 126 பேர், வயது 13 முதல் 19 வரை. போதையை விட்ட பிறகு வா என்று யாரையும் காக்க வைக்கவில்லை. 16 வாரம் எல்லாருக்கும் பேச்சுச் சிகிச்சை; அத்துடன் ஒரு பிரிவுக்கு மனச்சோர்வு மருந்து, மற்றதற்கு வெற்று மாத்திரை. மருந்து உண்டவர்களின் சோர்வு ஓர் அளவுகோலில் கூடுதலாகக் குறைந்தது. வெற்று மாத்திரை உண்டவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் தேறினார்கள்! மாத்திரை மீதான நம்பிக்கையும் உதவியிருக்கலாம். ஆனாலும் பேச்சுக்கு அதில் பங்குண்டு என ஆய்வாளர்கள் கருதினார்கள்.

அப்படி என்னதான் பேசுகிறார்கள்? அறிவுரை இல்லை. (அது வீட்டிலேயே வேண்டிய அளவு கிடைக்கிறது.) ஆரன் பெக் 1960களில் உருவாக்கிய அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் கேள்விகளே அதிகம். குடிக்கத் தோன்றியது எப்போது? அதற்குச் சற்றுமுன் மனத்தில் ஓடியது என்ன? "நான் எதற்கும் லாயக்கில்லை" என்பது போன்ற ஓர் எண்ணம் அங்கே பிடிபடும். அதற்குச் சான்று உண்டா என்று இருவரும் சேர்ந்து பார்ப்பார்கள். அறிவியல் கூடத்தில் நீங்கள் கருதுகோளைச் சோதிப்பது போலத்தான். வீட்டுப்பாடமும் உண்டு: இந்த வாரம் இரண்டு நாள் திடலுக்குப் போ, போகுமுன்னும் வந்தபின்னும் மனநிலைக்குப் பத்துக்கு எத்தனை புள்ளி என்று குறித்து வை.

மலேசியாவில் 2022இல் நடந்த தேசியச் சுகாதார ஆய்வில், இடைநிலைப்பள்ளி மாணவர்களில் நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வு காணப்பட்டது. ஆகவே பிரிக்பீல்ட்ஸில் உங்கள் வகுப்பிலும் சிலர் இருக்கலாம். அது நீங்களாகவும் இருக்கலாம். பள்ளியின் ஆலோசக ஆசிரியரிடமோ அரசு கிளினிக்கிலோ தொடங்கலாம். சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசி எண் 15555. பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் எண் 03-76272929; இரவு இரண்டு மணிக்கும் ஆள் இருப்பார், பெயரைச் சொல்ல வேண்டியதில்லை.