தீர்ப்புக்குப் பின்னான 14 நாட்கள்

போகம்பறைச் சிறைச்சாலை கண்டி நகருக்குள் இயங்கிய காலம். வவுனியாவிலிருந்து வந்த ஒரு தாய் கேட்டார்: “அப்பீல் போட்டா மகனைத் திரும்ப விசாரிப்பினமோ தம்பி?” சட்டத்தரணி ஒருவரிடம் பயிலுநராக இருந்த நான் “ஓம்” என்றேன். பிழையான பதில்.

மேன்முறையீட்டில் சாட்சிகளை வழமையாகத் திரும்ப அழைப்பதில்லை. வழக்கேட்டில் பதிவானதைத்தான் நீதியரசர்கள் வாசிப்பார்கள்.

கண்டி மேல் நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிரான மனுவைக் கேட்பது கொழும்பிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றம். ஆனால் மனுவைக் கொடுக்க வேண்டியது கண்டிப் பதிவாளரிடம், 14 நாட்களுக்குள். தீர்ப்பு நாளும் கணக்கில் சேரும். ஞாயிறும் பொது விடுமுறைகளும் சேரா. பலருக்குத் தெரியாத ஒன்று: சிறையிலிருப்பவர் தன் விருப்பத்தையும் காரணங்களையும் அதே காலத்துக்குள் ஜெயிலரிடம் சொன்னால் போதும். மனுவைத் தயாரித்து அனுப்புவது ஜெயிலரின் கடமை. சட்டத்தரணிக்குக் காசு சேரும்வரை காத்திருந்து நாட்களைத் தொலைத்த குடும்பங்களைக் கண்டிருக்கிறேன்.

காரணங்கள் என்னவாக இருக்க வேண்டும் என்பதை நான் படித்தது நல்லரத்தினம் சிங்கராசாவின் வழக்கில். சிங்களத்தில் எழுதப்பட்ட குற்ற ஒப்புதல் வாக்குமூலத்தில் அவருடைய பெருவிரல் அடையாளம். 1995இல் கொழும்பு மேல் நீதிமன்றம் 50 வருடச் சிறை விதித்தது. 1999இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை 35 ஆக்கியது. குற்றத்தீர்ப்பு அப்படியே நின்றது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், வாக்குமூலம் வற்புறுத்திப் பெறப்பட்டது என்று நிரூபிக்க வேண்டியவர் குற்றஞ்சாட்டப்பட்டவரே. அவர் கையிலிருந்த மருத்துவச் சான்றிதழோ விசாரிக்கப்பட்டு ஒரு வருடத்துக்கும் பிறகு பெறப்பட்டது. அந்தச் சுமையை அவர்மேல் வைத்தது தவறு என 2004இல் ஐ.நா. மனித உரிமைகள் குழு கூறியது. 2006இல் உயர் நீதிமன்றம் அதன் அடிப்படையில் தலையிட மறுத்தது.

ஆகவே அடித்தார்கள் என்றால் அது முதல் நாளே நீதவானுக்குச் சொல்லப்பட்டு, பதிவாகி, மருத்துவரிடம் அனுப்பப்பட வேண்டும். மேன்முறையீடு உண்மையில் தொடங்குவது அங்கேதான். மனுவில் “அநியாயம்” என்று எழுதிப் பயனில்லை. எந்தச் சாட்சியை, எந்தச் சட்ட விதியை நீதிபதி பிழையாக எடுத்தார் என்று காட்ட வேண்டும்.

அந்தத் தாயிடம் என் சீனியர் கேட்டது ஒன்றுதான்: “முதல் நாள் நீதவானிட்ட மகன் என்ன சொன்னவன்?”

தாய்க்குத் தெரியவில்லை. அன்றே வழக்கேட்டின் பிரதிக்கு விண்ணப்பித்தோம்.